புயலுக்கு ஒரு நியாயம், வெள்ளத்துக்கு ஒரு நியாயம்

2024 ஆகஸ்ட் 21ஆம் தேதி பிற்பகல் 3 மணிக்குத் திரிபுராவின் அமர்பூரில் கோமதி ஆற்றில் எடுத்த நீர்மட்ட அளவு, வழக்கம்போல் எல்லை கடந்து வங்கதேசத்துக்குச் சென்றது. நீர்மட்டம் ஏறுமுகத்தில் இருந்தது. மாலை 6 மணி அளவில் தொடர்பு அறுந்தது. வெள்ளத்தால் மின்சாரம் தடைபட்டுத் தகவல்தொடர்பில் சிக்கல் ஏற்பட்டதாக மறுநாள் இந்திய வெளியுறவு அமைச்சகம் வெளியிட்ட விளக்கத்தில் இருந்தது. ஆறு வேகமாக ஏறும் நேரத்தில்தான் அதன் அளவு அவசரமாகத் தேவைப்படும்; அதே நேரத்தில்தான் அளக்கும் இடத்தில் மின்சாரமும் போகும். வெள்ளத்தோடு பழகிய எவருக்கும் இது புதிதல்ல.

அடுத்த சில நாட்களில் வங்கதேசத்தின் கிழக்கு மாவட்டங்களில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டார்கள். டாக்காவில் ஆட்சி கவிழ்ந்து மூன்று வாரம்கூட ஆகாத நேரம் அது. திரிபுராவின் டம்பூர் அணையை இந்தியா சொல்லாமல் கொள்ளாமல் திறந்துவிட்டது என்ற செய்தி வெள்ளத்தைவிட வேகமாகப் பரவியது. பல்கலைக்கழக வளாகங்களில் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். வரைபடத்தை எடுத்து வைத்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. டம்பூர் அணை இருப்பது கோமதி ஆற்றில். அது குமில்லா மாவட்டத்துக்குள் நுழையும் ஆறு. மிக மோசமாக மூழ்கிய பெனி மாவட்டத்துக்குள் வெள்ளத்தைக் கொண்டுவந்தவை பெரும்பாலும் முஹுரி, கஹுவா, சிலோனியா ஆகிய வேறு ஆறுகள். டம்பூர் சுமார் 30 மீட்டர் உயரமே உள்ள அணை, எல்லையிலிருந்து ஆற்று வழியே 120 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது, அங்கே எடுக்கும் மின்சாரம் சேரும் தொகுப்பிலிருந்து வங்கதேசமே 40 மெகாவாட் வாங்குகிறது. இரு பக்கமும் ஒரே மழை கொட்டியது. திரிபுராவிலும் மண் சரிந்து மக்கள் மாண்டார்கள்.

ஆனாலும் வதந்தியை நம்பியவர்களை என்னால் குறை சொல்ல முடியவில்லை. அணையில் எந்த நேரத்தில் எவ்வளவு நீர் இருந்தது, எப்போது எவ்வளவு வெளியேறியது, மலையில் எத்தனை சென்டிமீட்டர் மழை பெய்தது என்பதையெல்லாம் கீழே இருப்பவர் தம் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ள முடிந்திருந்தால், அந்த வதந்தி ஒரு மாலைப்பொழுதுகூடத் தாங்கியிருக்காது. கணக்கு வெளியே தெரியாத இடத்தில் வதந்திதான் கணக்கு எழுதும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புயல் அறிக்கைகளை வரி விடாமல் வாசிப்பது என் பழக்கம். வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வலுப்பெற்றுப் புயலாகிவிட்டால், டெல்லியில் உள்ள மண்டல வானிலை மையத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை அறிக்கை வரும். புயலின் மையம் எந்த அட்சரேகை, தீர்க்கரேகையில் இருக்கிறது, திருகோணமலையிலிருந்து எத்தனை கிலோமீட்டர், சென்னையிலிருந்து எத்தனை, மையத்தில் அழுத்தம் எவ்வளவு, அடுத்தடுத்த நாட்களில் எந்தப் பக்கம் போகும், அந்தக் கணிப்பு எவ்வளவு தூரம் தவறக்கூடும் என்பதுவரை அதில் இருக்கும். நாகப்பட்டினத்து மீனவர் சங்கக்காரர் படிக்கும் அதே அறிக்கையைச் சிட்டகாங் துறைமுக அதிகாரியும், கராச்சியில் உள்ள வானிலையாளரும் படிக்கலாம். யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. இதே நாடுகள் ஆற்று வெள்ளம் என்று வந்துவிட்டால் ஏன் இவ்வளவு தூரம் கையை மூடிக்கொள்கின்றன என்பதே எனக்குப் பல காலமாக இருந்துவரும் கேள்வி.

புயல் விஷயத்தில் இந்த ஒழுங்கு தானாக வந்துவிடவில்லை. 1970 நவம்பர் 12 இரவு, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் போலா தீவையும் சுற்றியுள்ள கழிமுகத் தீவுகளையும் தாக்கிய புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. ஐந்து லட்சம் வரை சொல்பவர்களும் உண்டு. கடலில் புயல் இருப்பது தெரிந்தே இருந்தது, அதன் கொடுமை கரையில் இருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அந்தப் பேரழிவுக்குப் பிறகு, உலக வானிலை அமைப்பும் ஐ.நா.வின் ஆசிய பசிபிக் ஆணையமும் சேர்ந்து 1972இல் வங்கக் கடல், அரபிக் கடல் நாடுகளுக்காக ஒரு புயல் குழுவை அமைத்தன. தொடக்க உறுப்பினர்கள் இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், பர்மா, இலங்கை, தாய்லாந்து. 1971 போரின் புண் ஆறாத காலம் அது; பாகிஸ்தான் வங்கதேசத்தைத் தனி நாடாக ஏற்றதே 1974இல்தான். தூதரகம்கூட இல்லாத நாடுகள் புயலுக்காக ஒரே குழுவில் இருந்தன என்பதை நினைக்கும்போது, 'அரசியல் சூழல் சரியில்லை' என்று இன்று சொல்லப்படும் சாக்குகள் எனக்குச் சற்று நொண்டியாகவே தோன்றுகின்றன. 1988இல் டெல்லி மையம் இந்தக் குழுவின் மண்டலப் புயல் மையமாக ஆனது. இப்போது ஈரான், ஓமன், ஏமன், சவுதி வரை 13 நாடுகள் இதில் இருக்கின்றன.

புயல்களுக்குப் பெயர் வருவதும் இந்தக் குழு வழியாகத்தான். 2000இல் மஸ்கட்டில் கூடியபோது கொள்கையளவில் ஒப்புக்கொண்டு, 2004இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். கடலூரைச் சூறையாடிய 'தானே' மியான்மர் வைத்த பெயர், சென்னையின் மரங்களைச் சாய்த்த 'வர்தா' பாகிஸ்தான் வைத்தது, டெல்டாவின் தென்னைகளை முறித்த 'கஜா' இலங்கை வைத்தது. 2025 நவம்பர் இறுதியில் இலங்கையில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன 'டிட்வா' ஏமன் கொடுத்த பெயர். பெயர்களை நம் ஊரில் கேலிச் சித்திரமாக்கி முடித்துவிடுகிறோம். 2013இல் இலங்கை தானே கொடுத்திருந்த 'மகாசேன்' என்ற பெயர் ஒரு புயலுக்கு வந்தபோது, மின்னேரியா குளத்தைக் கட்டிய மன்னனின் பெயரை அழிவுக்கு வைப்பதா என்று அந்நாட்டிலேயே எதிர்ப்புக் கிளம்பி, அந்தப் புயல் பின்னர் 'வியாரு' என்று பதிவானது. ஏரி வெட்டியவன் பெயரைப் புயல் பட்டியலில் சேர்த்தவர் யாரோ, அன்று அவருக்கு நல்ல மண்டகப்படி கிடைத்திருக்கும்.

2023 ஜூன் மாதம் 'பிபர்ஜாய்' அரபிக் கடலில் பத்து நாட்களுக்கு மேல் சுற்றிவிட்டு குஜராத்தின் ஜக்காவ் துறைமுகத்தை ஒட்டிக் கரையேறியபோது, எல்லைக்கு இந்தப் பக்கம் கட்ச் பகுதியிலும் அந்தப் பக்கம் சிந்துவிலும் மக்களை ஒரே நாட்களில் அப்புறப்படுத்தினார்கள். பேச்சுவார்த்தையே நின்றுபோயிருந்த இரண்டு நாடுகள் இவை. முன்னறிவிப்பு கிடைத்துவிட்டால் மட்டும் உயிர் பிழைத்துவிடாது என்பதும் உண்மை. 2008 மே மாதம் 'நர்கிஸ்' இராவதிக் கழிமுகத்தில் ஏறுவதற்கு முன்பே இந்திய வானிலை ஆய்வுத் துறை மியான்மருக்குத் தெரிவித்திருந்தது. இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாகச் சுமார் 1,38,000 பேர். வங்கதேசம் 1970க்குப் பிறகு கட்டிய புயல் காப்பகங்களும், கொடி ஏற்றி ஒலிபெருக்கியோடு ஊர் ஊராகச் செல்லும் தன்னார்வலர் படையும் மியான்மரில் இல்லை. ஆனால் அது ஒரு நாட்டின் உள்விவகாரம். நாடுகளுக்கு இடையே போக வேண்டிய செய்தி போயிருந்தது.

இனி ஆற்றுக்கு வருவோம். கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆகிய மூன்று ஆறுகளின் வடிநிலம் ஏறத்தாழ 17 லட்சம் சதுர கிலோமீட்டர். சீனா, நேபாளம், பூடான், இந்தியா என்று பரந்து கிடக்கும் அந்த நிலத்தில் வங்கதேசத்துக்குள் இருப்பது நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவே. தண்ணீர் முழுவதும் கடைசியில் அந்த வாசல் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. டாக்காவில் இருக்கும் வெள்ள முன்னறிவிப்பு மையத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு முக்கியமான இடங்கள் அவருடைய நாட்டின் விளிம்பில் இருக்கின்றன: பிரம்மபுத்திராவுக்கு நூன்காவா, கங்கைக்குப் பாங்கா, பராக் ஆற்றிலிருந்து வரும் நீருக்கு அமல்ஷித். அந்த விளிம்பில் நாளைக்கும் நாளை மறுநாளைக்கும் எவ்வளவு நீர் வந்து சேரும் என்பது தெரிந்தால்தான், நாட்டுக்குள் பஹதுராபாத்திலோ ஹார்டிஞ்ச் பாலத்திலோ ஆறு எப்போது அபாய அளவைத் தாண்டும் என்று அவருடைய கணினி மாதிரி சொல்லும். விளிம்புக்கு அப்பால் நடப்பது தெரியாவிட்டால், அவர் கையில் இருப்பது ஆறு தம் வாசலில் வந்து நின்ற பிறகு அது நடந்து முடிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் மட்டுமே.

இந்தியா ஒன்றும் கொடுக்கவில்லை என்று சொன்னால் அது பொய். 1972இலேயே இரு நாடுகளுக்கும் கூட்டு நதி ஆணையம் அமைந்துவிட்டது. ஒவ்வொரு ஆண்டும் மே 15 முதல் அக்டோபர் 15 வரை, பிரம்மபுத்திராவில் பாண்டு, கோல்பாரா, துப்ரி, கங்கையில் பராக்கா, பராக் ஆற்றில் சில்சார், தீஸ்தாவில் தோமோஹனி போன்ற நிலையங்களின் அளவுகளை இந்தியா கட்டணம் இல்லாமல் அனுப்பிவருகிறது. வெள்ளக் காலத்தில் நம் மத்திய நீர்வள ஆணையத்தின் தளத்தைத் திறந்தால் துப்ரியின் நீர்மட்டத்தை டாக்காவில் இருப்பவரும் பார்க்கலாம், திண்டுக்கல்லில் இருப்பவரும் பார்க்கலாம்.

சிக்கல் 'நீர்மட்டம்' என்பதற்குள்ளேயே இருக்கிறது. காவிரியைத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. மேகதாதுவில் அது பாறைகளுக்கு நடுவே ஆடு தாண்டும் காவிரி. முசிறியைத் தாண்டி முக்கொம்பை நெருங்கும்போது அகண்ட காவிரி. அங்கே ஓரடி ஏறுவதும் இங்கே ஓரடி ஏறுவதும் ஒரே அளவு தண்ணீர் ஆகாது. ஆற்றின் குறுக்குவெட்டும் அந்த இடத்து ஓட்டத்தின் வேகமும் தெரிந்து, எந்த உயரத்துக்கு எத்தனை கன அடி என்ற அட்டவணை கையில் இருந்தால்தான் உயரம் நீரின் அளவாக மாறும். பிலிகுண்டுலுவில் இன்றைக்கு நொடிக்கு எத்தனை ஆயிரம் கன அடி என்று காலைச் செய்தியிலேயே கேட்டுப் பழகிய நமக்கு அந்த எண் சாதாரணமாகத் தோன்றும். கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து வடிநிலங்களின் கன அடிக் கணக்குகளோ இந்திய அரசின் தரவுக் கொள்கைப்படி பொதுவில் வைக்கப்படாத, கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட தரவுகள். நம் நாட்டுப் பல்கலைக்கழக ஆய்வாளர்களே விண்ணப்பம் போட்டு, இரகசியம் காப்பதாக எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். தீபகற்ப ஆறுகளுக்கு இந்தக் கட்டு இல்லை, ஏனென்றால் அவை எல்லை தாண்டுவதில்லை. இந்தியாவுக்குள் கன்னடமும் தமிழும் காவிரிக்காக எவ்வளவு சண்டை போட்டாலும் பிலிகுண்டுலுக் கணக்கு யாருக்கும் மறைவதில்லை என்பதை ஒரு நல்ல முன்னுதாரணமாகவே நான் பார்க்கிறேன்.

மேட்டில் இருப்பவரிடம் கேட்கும்போது நம் குரல் வேறாக இருக்கிறது. 2000 ஏப்ரலில் திபெத்தின் இகோங் பள்ளத்தாக்கில் ஒரு மலைச்சரிவு ஆற்றை அடைத்தது. பின்னால் இரண்டு மாதம் நீர் தேங்கி, ஜூன் 10 அன்று அடைப்பு உடைந்தது. அருணாச்சலத்தில் சியாங் என்ற பெயரில் ஓடும் பிரம்மபுத்திராவில் பாசிகாட் வரை பாலங்களும் வீடுகளும் போயின; ஏறத்தாழ 30 பேர் இறந்தார்கள். இரண்டு மாதம் ஒரு ஏரி நிரம்பிக்கொண்டிருந்தும் கீழே இருந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை என்ற ஆத்திரத்தின் விளைவாக 2002இல் சீனாவுடன் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் ஏற்பட்டது. நுகேஷா, யாங்சுன், நுஷியா ஆகிய மூன்று நிலையங்களிலிருந்து வெள்ளக் காலத்தில் நீர்மட்டம், மழை ஆகியவற்றோடு நீரோட்ட அளவையும் சீனா தருவதாகவும், இந்தியா அதற்குப் பணம் கட்டுவதாகவும் ஏற்பாடு. கவனியுங்கள், சீனாவிடம் நாம் கேட்டு வாங்கியது கன அடி. 2017இல் டோக்லாமில் இரு படைகளும் எதிரெதிரே நின்ற ஆண்டில் இந்தியாவுக்கு அந்தத் தரவு வரவில்லை, வங்கதேசத்துக்கு வந்துகொண்டிருந்தது. 2023இல் அந்த ஒப்பந்தத்தின் காலமும் முடிந்துபோயிற்று. 2025 ஜூலையில் அதே ஆற்றின் பெரிய வளைவில் உலகிலேயே மிகப் பெரிய நீர்மின் திட்டத்தைச் சீனா தொடங்கியது.

பீகாரில் இதே நாடகத்துக்கு வேறு வேடம். ஒவ்வொரு மழைக்காலத்திலும் 'நேபாளம் தண்ணீரைத் திறந்துவிட்டது' என்று வடபீகார் பத்திரிகைகள் எழுதும். 2024 செப்டம்பர் கடைசியில் கோசி தடுப்பணையில் 6.61 லட்சம் கன அடி போனது, 56 ஆண்டுகளில் காணாத அளவு. அந்தத் தடுப்பணை நேபாள மண்ணில் இருக்கிறது. அதன் மதகுகளை ஏற்றி இறக்குவதோ 1954 ஒப்பந்தப்படி பீகார் அரசின் நீர்வளத் துறை. டம்பூர் கதையின் உடன்பிறப்பு இது.

ஆக, புயலுக்குத் திறந்திருக்கும் கதவு வெள்ளத்துக்கு அரைக்கதவாக இருப்பதற்குக் காரணம் அதிகாரிகளின் கெட்ட மனம் என்று நான் நினைக்கவில்லை. காற்றைத் தேக்க யாராலும் முடியாது, ஆகவே அதன் கணக்கை மறைப்பதால் யாருக்கும் ஆதாயம் இல்லை. இன்று ஒடிசாவுக்குப் போகும் புயல் அடுத்த மாதம் சிட்டகாங்குக்குப் போகலாம். கொடுத்தால் திரும்பக் கிடைக்கும். ஆறு ஒரே திசையில்தான் ஓடும். மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவரின் தரவால் காலணாப் பயன் கிடையாது. அதோடு மழைக்காலத்தில் கொடுத்த கன அடிக் கணக்கை வைத்து, 'இவ்வளவு நீர் வைத்துக்கொண்டு கோடையில் எங்களுக்கு ஏன் இல்லை' என்று பங்கீட்டுப் பேச்சில் எதிர்த்தரப்பு மேசையைத் தட்டும் என்ற அச்சம் வேறு. வெள்ள எச்சரிக்கைக்குத் தேவையான எண்ணும் நீர்ப் பங்கீட்டு வழக்குக்குத் தேவையான எண்ணும் ஒரே எண்ணாக இருப்பதுதான் முடிச்சு. உலக வானிலை அமைப்பின் தீர்மானங்களிலேயே இந்த இரட்டை நியாயம் தெரிந்தது: வானிலைத் தரவுகளைத் தடையின்றிப் பகிர வேண்டும் என்று 1995இல் கறாராக எழுதியவர்கள், நீரியல் தரவுக்கு 1999இல் எழுதியபோது நாடுகளுக்குக் கூடுதல் இடம் விட்டே எழுதினார்கள். 2021இல்தான் இரண்டையும் ஒரே கொள்கைக்குள் கொண்டுவந்தார்கள், காகிதத்தில்.

கேட்டுக் கேட்டுக் கிடைக்காதபோது சுற்றுவழி பிறந்தது. 1998 பெருவெள்ளத்துக்குப் பிறகு அமெரிக்காவின் பீட்டர் வெப்ஸ்டர் தலைமையிலான ஆய்வுக் குழு, மேல்நாடுகளின் ஆற்றுத் தரவை எதிர்பார்க்காமல், செயற்கைக்கோள் பார்த்த மழையையும் ஐரோப்பிய நடுத்தர கால வானிலை மையத்தின் கணிப்புகளையும் கொண்டு வங்கதேச வாசலுக்கு வரும் நீரைப் பத்து நாட்கள் முன்பே மதிப்பிடும் முறையை உருவாக்கியது. 2007 வெள்ளங்களின்போது தேர்ந்தெடுத்த சில ஊர்களுக்கு அந்தக் கணிப்பு போய்ச் சேர்ந்தது. விளைந்ததை அவசரமாக அறுத்தார்கள், மாடுகளை மேட்டுக்கு ஓட்டினார்கள், உணவும் குடிநீரும் சேர்த்து வைத்தார்கள். எனக்கு இதில் பாராட்டும் இருக்கிறது, உறுத்தலும் இருக்கிறது. குவாஹாத்தியில் ஆற்றங்கரையில் நிற்கும் ஊழியர் கண்ணால் பார்க்கும் தண்ணீரை, டாக்கா அந்த ஆய்வுக் குழு இருந்த அட்லாண்டாவையும் ஐரோப்பிய மையம் இருக்கும் இங்கிலாந்தின் ரெடிங் நகரையும் சுற்றி வந்து ஊகிக்க வேண்டியிருந்தது.

நல்ல முயற்சிகள் இல்லாமலில்லை. சுனாமிக்குப் பிறகு 2009இல் தாய்லாந்தில் அமைந்த மண்டலப் பல்லிடர் முன்னெச்சரிக்கை அமைப்பு பல சிறிய நாடுகளுக்குக் கைகொடுக்கிறது. நம் மாநிலத்தின் 'டி.என்.ஸ்மார்ட்' செயலியிலும் அதன் பங்கு உண்டு. சார்க் அமைப்பு 1995இல் டாக்காவில் தொடங்கிய வானிலை ஆய்வு மையம் பின்னாளில் மூடப்பட்டுவிட்டது. 2020 அக்டோபரில் தொடங்கிய தெற்காசியத் திடீர் வெள்ள வழிகாட்டு அமைப்பு இவற்றில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது. இந்தியா, வங்கதேசம், நேபாளம், பூடான், இலங்கை ஐந்துக்கும் டெல்லியிலிருந்து, சிறு சிறு நீர்ப்பிடிப்புகளாகப் பிரித்து, ஆறு மணி நேரம் முன்னதாகத் திடீர் வெள்ள அச்சுறுத்தலையும் 24 மணி நேரம் முன்னதாக அபாய வாய்ப்பையும் சொல்வது அதன் வேலை. முஹுரி போன்ற மலையாறுகளுக்குத் தேவைப்படுவது இதுதான். அது பிழைத்திருப்பதற்குக் காரணமும் தெளிவு: அதன் அடிப்படை மழை, மண் ஈரம், செயற்கைக்கோள், ஆற்றுக் கன அடியை அது யாரிடமும் கேட்பதில்லை. வானிலையாளர்களின் வழியாக நுழைந்ததால் நீர்வளத் துறைகளின் பூட்டு அதைத் தடுக்கவில்லை.

2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு சிந்து நீர் ஒப்பந்தத்தை இந்தியா நிறுத்திவைத்தது. அந்த ஒப்பந்தத்தின் ஆணையர்கள் வழியாகச் செல்லும் வெள்ளத் தகவலும் அதோடு நின்றது. ஆகஸ்ட் மாதம் ஜம்முவில் தாவி ஆறு பெருக்கெடுத்தபோது, இஸ்லாமாபாத்தில் உள்ள இந்தியத் தூதரகம் மூலம், மனிதாபிமான அடிப்படையில் என்ற குறிப்போடு எச்சரிக்கை போனது. போனது நல்லது. ஆனால் மனிதாபிமானம் என்பது கொடுப்பவரின் மனநிலையைப் பொறுத்தது. நீர்மட்டமானி ஒவ்வொரு மணிக்கும் தானாக அனுப்பும் எண்ணுக்கு மனநிலை கிடையாது. நான் கேட்பதெல்லாம் அந்த இரண்டாவது வகை: அபாய அளவை ஆறு நெருங்கும் நாட்களுக்கு மட்டுமாவது நீர்மட்டத்தோடு கன அடியும், அணைகளின் மதகுத் திறப்பும், மலைப்பகுதி மழையும், மின்சாரம் போனாலும் செயற்கைக்கோள் வழியே பேசும் கருவிகளிலிருந்து நேராகப் பொதுத்தளத்துக்கு வர வேண்டும். அந்த எண்களைப் பங்கீட்டு வழக்கில் சான்றாகக் காட்டக் கூடாது என்று இரு தரப்பும் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளலாம். அப்படிப் பிரித்து எழுதிவிட்டால் மறைப்பதற்கான பாதிக் காரணம் போய்விடும்.

எழுதுவதற்கு ஓர் இடமும் இருக்கிறது. பராக்காவில் கங்கை நீரைப் பங்கிட்டுக்கொள்ள 1996 டிசம்பர் 12 அன்று இந்தியாவும் வங்கதேசமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் 30 ஆண்டுக் காலம் 2026 டிசம்பரில் முடிகிறது. ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி 1 முதல் மே 31 வரை ஓடும் நீரைப் பத்துப் பத்து நாட்களாகப் பிரித்து, யாருக்கு எத்தனை கன அடி என்று அதன் இணைப்பு அட்டவணை மிகத் துல்லியமாகச் சொல்கிறது. ஜூன் 1 முதல் ஓடும் தண்ணீருக்கு அந்த அட்டவணையில் ஒரு வரியும் இல்லை.